லீக்கை நிறுத்திய கீப்பர்

எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. கோல்கீப்பருக்கு இருக்கவே கூடாத குணம் இது. நல்ல கீப்பர் இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் பேசாமல் நின்று, பந்து வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பான். நான் பந்தைத் தேடிக்கொண்டு வெளியே பாய்கிறவன். சில நாள் அது கைதட்டல் வாங்கித் தரும், பல நாள் ஏச்சு வாங்கித் தரும். எங்கள் உதைபந்தாட்ட லீக்கின் மேல் என் பெயரில் வழக்குப் போட்டதும் அப்படி ஒரு பாய்ச்சல்தான்.

எங்கள் கழகம் கொழும்பு ஜிந்துப்பிட்டியில் ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கிறது. இருக்கிறது என்றால் ஒரே ஓர் அறை. சுவரில் முருகன் படம், பக்கத்தில் மக்கா படம், அதற்குப் பக்கத்தில் மாதா படம். தோற்ற நாட்களில் மூன்று பக்கமும் முகம் கொடுக்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு இருப்போம். மாடிப்படியில் ஏறும்போதே நனைந்த ஜேர்சி மணக்கும். கல்யாணம் கட்டி வெள்ளவத்தைக்குப் போய்ப் பல வருடமாகியும், வேலை முடிந்ததும் என் கால் அந்தப் படியைத் தேடித்தான் போகும். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டேன், சீக்கிரம் இறங்க வேண்டுமே என்று கதவுப் பக்கம் நிற்பேன்.

நான் கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டாம் பிரிவு. முதலாம் பிரிவுக் கழகங்கள் எங்களைக் கடந்து போகும்போது, பெரிய வீட்டு ஆட்கள் போல இலேசாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பிறகு ஒரு வருடம் எப்படியோ எல்லாம் கூடி வந்தது. கடைசி ஆட்டத்தில் சமநிலை போதும். கோல் விடாமல் முடித்தோம். இரண்டாம் பிரிவில் முதலிடம் வந்த கழகம் மேலே போகும், முதலாம் பிரிவில் கடைசியாக வந்த கழகம் கீழே இறங்கும் என்பது லீக்கின் விதி. மைதானத்திலேயே எங்கள் தலைவர் அழுதுவிட்டார்.

அடுத்த சீசன் தொடங்க முன்னர் லீக்கின் நிர்வாகக் குழு கூடியது. இந்த முறை யாரும் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், முதலாம் பிரிவில் இருப்பவர்களே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். கீழே இறங்க வேண்டிய கழகத்தின் ஆள் அந்தக் குழுவில் இருந்தார் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. வலது முழங்கால் ஏற்கனவே பழுது. களுபோவில ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கவனமாக இருந்தால் இன்னும் ஒரு சீசன் ஓடும், அதற்குப் பிறகு படி ஏறவே கஷ்டப்படுவாய் என்று சொல்லிவிட்டார். ஒரு சீசன். அதை முதலாம் பிரிவில் விளையாட வேண்டும். சீசன் முழுவதும் முடியாவிட்டால் ஒரு மேட்ச். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைக்கூட ஒரு மேசையைச் சுற்றி இருந்துகொண்டு பிளேன்டீ குடித்தபடி எடுத்துவிட்டார்கள்.

வழக்குப் போடலாம் என்று முதலில் சொன்னது தலைவர்தான். புறக்கோட்டையில் பிளாஸ்டிக் சாமான் யாவாரம் செய்கிறவர். குரலை உயர்த்தாமல் ஆளைச் சிரிக்க வைக்கிற மனிதர். எங்கள் பிளட்ஸ் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிற சட்டத்தரணி அக்காவை நான் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேலே ஓடாமல் நின்ற மின்விசிறியையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உங்கட பக்கம் நியாயம் இருக்கு. ஆனா ஒரு சிக்கல். உங்கட கழகம் பதிஞ்ச கொம்பனி இல்லை. சட்டத்தின்ர கண்ணுக்குக் கழகம் எண்டு ஒரு ஆளே இல்லை. வழக்குப் போடுறதெண்டா ஆரும் ஒராள் தன்ர பேரில போடவேணும்."

தையல் கடை மெஷின் சத்தம் மட்டும் கீழேயிருந்து வந்தது. செயலாளர் அரசாங்க உத்தியோகம், மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். தலைவர் தாடியைத் தடவினார்.

"எனக்குக் கடை ஈக்கி. லீக்ல ஈக்கிறவனுகள்ல பாதிப் பேர் என்கிட்டத்தான் சாமான் எடுக்கிற. என்ட பேரப் போட்டா நாளைக்கு முகத்தப் பாத்து யாவாரம் செய்ய ஏலாது. விளங்குதா?"

எல்லோரும் எதையோ பார்த்தார்கள், ஆளை ஆள் மட்டும் பார்க்கவில்லை. எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. கோர்னர் பந்து காற்றில் தொங்கும்போது எங்கள் ஆட்கள் ஒருவரும் எழும்பாமல் நிற்பார்களே, அதே மாதிரி.

"நான் போடுறேன்" என்றேன்.

நான் உபசெயலாளர் என்பதே அப்போதுதான் பலருக்கு ஞாபகம் வந்தது. முதுகில் தட்டினார்கள். வழக்குக்கான சத்தியக் கடதாசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தாலும் அவளுடைய பேச்சு இன்னும் யாழ்ப்பாணம்தான். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் பந்து பிடிக்கப் போனனீங்களோ, வழக்குப் பிடிக்கப் போனனீங்களோ? அவ்வளவு ஆம்பிளையளும் பேசாமல் இருக்க, உங்களுக்கு மட்டும் ஏன் கை தூக்கவேணும்?"

"ஒருத்தரும் தூக்கல்ல, அதான்."

"ஓம். அதுதான் கேக்கிறன்."

வழக்குப் போட்ட கொஞ்ச நாளில் தடை உத்தரவு கிடைத்தது. நீதிமன்றத்தில் அடுத்த தவணை நாள் வரை முதலாம் பிரிவுப் போட்டிகளைத் தொடங்கக்கூடாது. அக்கா ஃபோனில் சொன்னதை நான் கழகத்துக்குச் சொன்னேன். ஜிந்துப்பிட்டி ஒழுங்கையில் அன்று வெடி கொளுத்தினோம். தீபாவளிக்கு வாங்கி நமத்துப்போகாமல் யாரோ வைத்திருந்த சரவெடி. தலைவர் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். என்னைத் தோளில் தூக்கினார்கள், தந்திக் கம்பியில் தலை முட்டப் பார்த்தது. லீக்கையே நிறுத்திப்போட்டான் எங்கள் கீப்பர் என்று கத்தினார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

லீக்கை நிறுத்தினால் நாங்களும் விளையாட முடியாது என்பது அந்த ஒழுங்கையில் நின்ற ஒருவருக்கும் அன்று உறைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை காலையில், பூட்ஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போவதற்கு ஓரிடமும் இல்லை. பையை இறக்காமல் மரைன் டிரைவில் பம்பலப்பிட்டிவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். மனைவி கதவைத் திறந்து, பையை வாங்கி மூலையில் வைத்தாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

லீக்காரர்கள் விட்டுவிடவில்லை. பிரச்சினை தீரும்வரை எந்தப் பிரிவும் நடக்காது என்று எல்லாக் கழகங்களுக்கும் அறிவித்தார்கள். நீதிமன்றம் தடுத்தது முதலாம் பிரிவை மட்டும்தான். ஆனால் ஊரில் அந்த வித்தியாசத்தை யார் பார்க்கிறார்கள்? ஒரு முழு சீசனையும் ஜிந்துப்பிட்டிக்காரன் ஒருவன் விழுங்கிவிட்டான் என்று கதை போனது. நான் வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையொன்றில் குளியலறைச் சாமான் விற்கிறவன். தண்ணீர்க் குழாய் பார்க்க வந்த ஒருவன், பழைய எதிரணி முன்கள ஆட்டக்காரன், குழாயைத் திருகிக்கொண்டே சிங்களத்தில் கேட்டான்: "மச்சாங், மேட்ச் எக்க கவதத?" மேட்ச் எப்போது என்று சாதாரணமாகத்தான் கேட்டான். அவன் குழாயை வாங்காமல் போனான். நான் அன்று பின்னேரம் முழுக்க ஷோரூமில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். முதலாளி தன் மேசையிலிருந்து, தரை தேயுது தம்பி என்றார்.

பிறகு தவணைகள் வந்தன. நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைக்குக் காலையிலேயே போய்விடுவேன். நீதிமன்ற விறாந்தையில் கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில் என் பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பேன். கூப்பிட்டால் எழும்ப வேண்டும், பிறகு இரண்டு பக்கமும் ஏதோ இங்கிலீஷில் பேசும், பிறகு இன்னொரு தவணை. எதிர்த்தரப்புக்கு ஆட்சேபணை போட நேரம் வேண்டும். அடுத்த முறை எங்கள் தரப்புக்குப் பதில் போட நேரம் வேண்டும். நீதிபதி மாற்றலாகிப் போனார், புதியவர் வழக்கைப் படிக்க நேரம் வேண்டும். எல்லோருக்கும் நேரம் கிடைத்தது. என் முழங்காலுக்கு மட்டும் ஒருவரும் தவணை கொடுக்கவில்லை. அங்கே போட்டிருந்த மர வாங்கில் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தால் மூட்டு இறுகிவிடும். எழும்பி நடந்தால் பொலிஸ்காரர் இருக்கச் சொல்லுவார். இருப்பேன். இரண்டு நிமிடத்தில் திரும்ப எழும்புவேன். அக்காவே ஒருநாள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "தம்பி, நீர் நடக்க நடக்க எனக்கு வாதம் மறக்குது" என்றார்.

பயிற்சியை விடவில்லை. விட்டால் கால் போய்விடும் என்ற பயம். வேலை முடிந்து கொட்டாஞ்சேனை மைதானத்துக்குப் போனால் வருகிற ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். மேட்ச் இல்லாத பயிற்சிக்கு யார் வருவான்? இரண்டு பேர் கட்டாருக்குப் போனார்கள், ஒருவன் பெட்மின்டன் பக்கம் போய்விட்டான். தவறாமல் வந்தது எங்கள் இரண்டாவது கீப்பர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், என்னைவிடப் பத்து வயது இளையவன். அவன் எனக்கு நேர் எதிர். கோல் கோட்டை விட்டு அசைய மாட்டான். நின்று பிடிப்பான். நான் அவனை மரம் என்பேன், அவன் என்னைக் காற்றாடி என்பான். ஒருநாள் மாறி மாறி ஒருவர் அடிக்க மற்றவர் பிடித்துக்கொண்டிருந்தபோது அவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, இந்தக் கேஸ் முடியிறப்போ நீங்க பிடிப்பீங்களா, நான் பிடிப்பேனா?"

"நீ போய்க் கிரேன் ஓட்டு. நான்தான்டா பிடிப்பேன்."

சிரித்தான். ஆனால் அன்று அவன் அடித்த பந்துகள் மெதுவாக வந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னும் பலமாக அடி என்று கத்தினேன்.

முதல் சீசன் அப்படியே போனது. இரண்டாவது சீசனும் பாதி போன பிறகு, ஒரு தவணையில், வழக்கு எடுப்பதற்கு முன்னர் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எங்கள் அக்காவை விறாந்தையின் மூலைக்குக் கூப்பிட்டார். லீக்கின் செயலாளரும் கூடப் போனார். நான் தூரத்தில் நின்று வாயசைவுகளைப் பார்த்தேன். தலைவர் என் கையைப் பிடித்திருந்தார், நான் அங்கே பாய்ந்துவிடாமலிருக்கத்தான் பிடித்திருந்தார் என்று நினைக்கிறேன். அக்கா திரும்பி வந்தபோது முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

"சமாதானத்துக்கு வாறினம். உங்கட கழகத்தை முதலாம் பிரிவில சேர்ப்பினம். அடுத்த மாசமே சீசன் தொடங்கலாம். வழக்கை நாங்கள் வாபஸ் வாங்கவேணும்."

தலைவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் அக்காவின் முகத்தையே பார்த்தேன். இன்னும் ஏதோ இருந்தது.

"லீக்கின்ர யாப்பில ஒரு விதி இருக்கு. தங்கட மேன்முறையீட்டுக் குழுவுக்குப் போகாமல் நேரா நீதிமன்றம் போற ஆரையும் விலக்கிவைக்கலாம். அதை இப்ப சும்மா விட்டா நாளைக்கு எல்லாக் கழகமும் கோட்டுக்கு வரும் எண்டு சொல்லினம். ஆருக்காவது தண்டனை குடுத்தே ஆகவேணுமாம். கழகத்துக்குக் குடுக்கமாட்டினம். ஏனெண்டா..."

அவர் நிறுத்தினார். எனக்கு அவர் முடிக்க முன்னரே விளங்கிவிட்டது. கழகம் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. சட்டத்தின் கண்ணுக்குக் கழகம் என்று ஓர் ஆளே இல்லை. போனது நான்.

"எத்தனை காலம்?" என்றேன்.

"ரெண்டு சீசன். விளையாடக்கூடாது, பயிற்சி குடுக்கக்கூடாது, போட்டி நாளில மைதானத்துக்குள்ள போகக்கூடாது. இதை நாங்கள் எதிர்த்து வாதாடலாம் தம்பி. என்னட்ட வாதம் இருக்கு. ஆனா வழக்கு நடக்கும். இண்டைக்கே சொல்லவேணும் எண்டு இல்லை, அடுத்த தவணைக்கு யோசிச்சுச் சொல்லலாம்."

தலைவர் என் கையை விட்டுவிட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஏற்றுக்கொள் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. எங்கள் கழகச் செயலாளரும் வந்திருந்தார், அவரும் சொல்லவில்லை. விறாந்தையில் யாரோ கச்சான் கடலை உடைத்துச் சாப்பிட்ட கோதுகள் காலடியில் கிடந்தன. முப்பத்தெட்டு வயதுக்கு இரண்டு சீசனைக் கூட்டினால் நாற்பது. நாற்பதில் இந்தக் காலுடன் யார் கம்பத்துக்கு நடுவில் நிற்க விடுவான்? அழுகை வருமோ என்று பார்த்தேன், வரவில்லை. கோபம்தான் வந்தது. லீக்காரன் மேல் வந்தது, பேசாமல் நிற்கிற இந்த இரண்டு பேர் மேலும் வந்தது. எல்லாவற்றையும்விட, அடுத்த தவணை என்ற சொல்லின் மேல் வந்தது. இன்னொரு முறை அந்த வாங்கில் இருக்க என்னால் முடியாது. இன்னொரு சனிக்கிழமை அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் நடக்க முடியாது.

"சரி எண்டு சொல்லுங்க அக்கா. இப்பவே."

"யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"யோசிச்சா மாட்டேன் எண்டு சொல்லிருவேன்."

தலைவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். இந்த முறை அவருடைய அழுகை எனக்குப் பாரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள், கொஞ்சம் பலமாகவே தேய்த்தாள். "எல்லாருக்குமாப் போய் நிண்டீங்கள். உங்களுக்கு ஆர் நிண்டது?" என்று மட்டும் கேட்டாள்.

சீசனின் முதல் மேட்சுக்கு முன்னர் எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கழக அறையிலிருந்து முருகன் கோயிலுக்குப் பந்தை எடுத்துக்கொண்டு போவோம். முதல் கீப்பர்தான் பந்தைச் சுமப்பான். தலைவர் உட்பட எல்லோரும் பின்னால் நடப்பார்கள், அவர் கோயில் வாசலோடு நின்றுகொள்வார். அந்த வருடம் நான் பழக்கத்தில் அலுமாரியைத் திறந்து பந்தைக் கையில் எடுத்துவிட்டேன். தலைவர் பதறிப்போனார்.

"தம்பி, வாணாம். யாராவது ஃபோட்டோ எடுத்து லீக்குக்கு அனுப்பினா? இதுவும் ஃபுட்போல் நடவடிக்கை எண்டு சொல்லிருவானுகள்."

ஒருவன் சிரித்தான், பிறகு நிறுத்திக்கொண்டான். நான் பந்தைத் துறைமுகக்காரனிடம் கொடுத்தேன். அவன் அதை வாங்கத் தயங்கினான். ஒழுங்கையில் அவன் முன்னால் நடக்க, நான் கடைசி ஆளாக, செருப்பை இழுத்துக்கொண்டு நடந்தேன். கோயில் ஐயர் என்னைத் தேடிப் பிடித்து, என்ன பின்னால நிக்கிறீங்க என்று கேட்டார். கால் வலி என்றேன்.

மேட்ச் நாளன்று போகமாட்டேன் என்றுதான் மனைவியிடம் சொன்னேன். கடையில் ஆள் குறைவு என்றும் சொன்னேன். மத்தியானம் ஒரு குளியல் தொட்டியின் விலையை இரண்டு தரம் பிழையாகச் சொன்னேன். முதலாளி, போய்த் தொலை, நாளைக்கு வா என்றார். பஸ் மருதானையில் நின்றுகொண்டே இருந்தது. இறங்கி ஓட்டோ பிடித்தேன்.

மைதானத்துக்குள் போகக்கூடாது. ஆனால் வீதி லீக்குக்குச் சொந்தமில்லை. மதிலுக்கு வெளியே, எங்கள் கோலுக்குப் பின்னால் வருகிற பக்கமாக, இறால் வடை வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மதில் உயரம், ஒன்றும் தெரியாது. காது மட்டும்தான். பந்தில் பூட்ஸ் படுகிற சத்தம், சனத்தின் சத்தம், பிறகு எங்கள் மரத்தின் குரல்: "கீப்பர்!" பந்துக்கு நான் வருகிறேன், விலகு என்று கீப்பர் கத்துகிற கத்து அது. என் உடம்பு முன்னால் சாய்ந்தது. அவன் கோட்டை விட்டு வெளியே வந்திருக்கிறான். கோட்டையே விடாதவன். பிடித்துவிட்டான் என்று சனம் கத்தியதில் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது, அதோடு தாங்க முடியாத பொறாமையாகவும் இருந்தது.

இடைவேளைக்குச் சற்று முன்னர் எதிரணிக்காரன் ஒருவன் கோலுக்கு மேலால் அடித்தான். சனத்தின் ஏமாற்றச் சத்தத்தோடு பந்து மதிலுக்கு மேலே எழும்பி, மின்கம்பியைத் தாண்டி, வீதியை நோக்கி வந்தது. வடைக்காரர் தலையைக் குனிந்தார். நான் யோசிக்கவில்லை. இரண்டு அடி பின்னால் வைத்து, கால் வலிக்க வலிக்க எழும்பி, தலைக்கு மேலே பிடித்தேன். நழுவாமல், சுத்தமாக.

எங்கள் லீக்கில் நல்ல பந்து எப்போதும் ஒன்றுதான் இருக்கும். மதிலுக்கு மேலே ஒரு தலை வந்தது. ஏதோ வாங்கில் ஏறி நின்றிருக்க வேண்டும். லீக் செயலாளர்.

"அய்யே, போலெ தென்ன" என்று சிங்களத்தில் பந்தைக் கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தவர், நான் என்று கண்டதும் தமிழுக்கு மாறினார். "தம்பி... பந்து."

நான் கொடுக்கவில்லை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கையில் மண்ணும் புல்லும் ஒட்டின. மதிலுக்கு அந்தப் பக்கம் எல்லாம் நின்றுபோயிருந்தது. முதலாம் பிரிவு மேட்ச், இரண்டு அணி, நடுவர், அத்தனை சனம், எல்லாம் என் கையிலிருந்த பந்துக்காகக் காத்திருந்தன. வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு அவசரம் இல்லை. செயலாளர் இன்னொரு முறை தம்பி என்றார். இந்த முறை கெஞ்சலாக.

"அண்ணே!" மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எங்கள் கீப்பரின் குரல். யார் பிடித்தது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. "அண்ணே, இங்க!"

குரல் வந்த இடத்தைக் குறிவைத்து, மேட்சில் எறிவது போலக் கையை முழுதாகச் சுற்றி எறிந்தேன். பந்து மதிலைத் தாண்டி மறைந்தது. அது அவனுடைய கையுறையில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு விசில் ஊதியது, நான் இல்லாமல் ஆட்டம் தொடர்ந்தது.